எரிந்த கப்பல்களா, திரும்பி வந்த இளவரசனா? ஆசியக் கடலில் ரோம அகதிகளின் அரசு குறித்து ஒரு விவாதம்

திரைகடல் எழுதியது:

கி.மு. 31ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆக்டியம் கடற்போரில் மார்க் ஆண்டனியும் கிளியோபாத்ராவும் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் அவர்களை வென்ற ரோமத் தலைவர் ஆக்டேவியனின் (பின்னாளில் அகஸ்டஸ்) படை அலெக்சாந்திரியாவுக்குள் நுழைந்தது. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் நிகழ்ந்த ஒரு செய்தி பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு நீங்காமல் இருப்பதால், அதை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

கிளியோபாத்ரா தன் கப்பல்களை மத்தியதரைக் கடலிலிருந்து தரைவழியே இழுத்துச் சென்று செங்கடலில் இறக்கி, பணத்தோடும் படையோடும் எகிப்தைவிட்டே வெளியேறி, போரும் அடிமைத்தனமும் இல்லாத வேறொரு நாட்டில் குடியேற முனைந்தார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கடக்க வேண்டிய நிலப்பகுதி 300 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர். முதலில் இழுத்துவரப்பட்ட கப்பல்களைப் பெத்ரா நகரத்து அரேபியர் எரித்துவிட்டதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர்களை அதற்குத் தூண்டியவர் சிரியாவின் ஆளுநராக இருந்து ஆக்டேவியன் பக்கம் சாய்ந்துவிட்ட குவிண்டஸ் டிடியஸ் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கூறுகிறார். நபட்டேயர் எனப்படும் அந்தப் பெத்ரா அரேபியருக்கும் இதில் சொந்தப் பகை இருந்தது. அவர்கள் கடற்கரையின் ஒரு பகுதியை ஆண்டனி பிடுங்கிக் கிளியோபாத்ராவுக்குக் கொடுத்திருந்தார்.

என் மாற்று வரலாறு இங்கே தொடங்குகிறது. அந்தக் கப்பல்கள் எரியவில்லை என்று கொள்வோம். அறுபது போர்க்கப்பல்களும், ஆண்டனியின் பழைய வீரர்களில் சில ஆயிரம் பேரும், தாலமிகளின் (கிளியோபாத்ராவின் அரச மரபினரின்) கருவூலமும் செங்கடலில் இறங்குகின்றன. கி.மு. 30ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவக்காற்றில் அவர்கள் சேரநாட்டு முசிறிக் கரைக்கு வந்து, அங்கே ஒரு துறைமுகத்தைக் கைப்பற்றி, இரண்டு தலைமுறைக்குள் மேலைக்கடல் முழுவதையும் ஆளும் அரசாக வளர்கிறார்கள். இதை ஒரு நீண்ட கதையாக எழுத விரும்புகிறேன். எங்கே பிசகு உள்ளது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நாவாய் எழுதியது:

தொடக்கப்புள்ளி மிக நல்லது. ஆனால் அந்தக் கப்பல்களை எரியாமல் காப்பாற்றினாலும் அவை முசிறிக்கு வந்து சேரா என்பதே என் கருத்து.

ஆக்டியத்தில் போரிட்ட பெரிய கப்பல்கள் துடுப்பால் இயங்குபவை. ஐந்தடுக்கு வகைக் கப்பல் ஒன்றில் துடுப்பு வலிப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 300 பேர். அவர்களோடு மாலுமிகளையும் போர்வீரர்களையும் சேர்த்தால் 400 பேரைத் தாண்டும். மத்தியதரைக் கடலில் இந்தக் கூட்டம் பெரும்பாலும் இரவில் கரையொதுங்கிச் சமைத்து, நீர் நிரப்பிக்கொண்டு, மறுநாள் புறப்படும். செங்கடலின் வாயிலிலிருந்து சேரநாட்டுக் கரைக்கோ இடையில் கரையே கிடையாது. செங்கடல் வாயிலிலுள்ள ஓக்கெலிஸ் என்னும் துறையிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலும், 400 பேருக்கு 40 நாளுக்கு 64,000 லிட்டர் நீர் வேண்டும். அறுபத்து நான்கு டன் நீரை ஏற்றுவதற்கு அத்தகைய கப்பலில் இடமே இல்லை, ஏனென்றால் அதன் வயிறு முழுவதும் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மேலும் அது உயரம் குறைந்த, ஒடுங்கிய கப்பல். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அரபிக்கடலின் அலை எப்படி இருக்கும் என்பதை நம் மேற்குக் கரை மீனவர்களைக் கேட்டாலே போதும். அந்த மாதங்களில் அவர்களே கட்டுமரத்தைக் கரையேற்றி வைத்துவிடுகிறார்கள்.

இது வெறும் ஊகமன்று. எகிப்து ரோமின் கைக்கு வந்த சில ஆண்டுகளில் ஆளுநர் ஏலியஸ் காலஸ் அரேபியாவின்மீது படையெடுத்தார். முதலில் 80 போர்க்கப்பல்களைக் கட்டிவிட்டு, எதிரிக்குக் கடற்படையே இல்லை என்று பின்னர் உணர்ந்து, 130 சரக்குக் கப்பல்களைக் கட்டி, ஏறத்தாழ 10,000 வீரர்களை ஏற்றிச் சென்றார். செங்கடலைக் குறுக்கே கடந்து லியூக்கே கோமே துறையை அடைவதற்குள், 14 நாள்களில், எந்த எதிரியும் தாக்காமலே பல கப்பல்களை இழந்தார். இதை எழுதிய புவியியலாளர் ஸ்ட்ராபோ அவருடைய நண்பர். செங்கடலின் பவளப் பாறைகளே இவ்வளவு செய்யுமானால், பெருங்கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நபட்டேயர் மூட்டிய தீ வரலாற்றை மாற்றியது என்று நான் நம்பவில்லை. அந்தத் தீ இல்லாவிட்டாலும் அந்தக் கப்பல்கள் பயனற்றவையாகவே இருந்திருக்கும்.

திரைகடல் எழுதியது:

நீர்க்கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை, நண்பரே. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எந்தக் கப்பலில் வருவது?

நாவாய் எழுதியது:

அங்கேயே வணிகக் கப்பல்கள் இருந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சைசிகஸ் நகரத்து யூடாக்ஸஸ் தாலமி அரசின் சார்பில் இந்தியாவுக்கு வந்து திரும்பியிருக்கிறார். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிக்கே, மியோஸ் ஹோர்மோஸ் ஆகிய துறைகளிலிருந்து கிளம்பும் அந்தக் கப்பல்கள் அகன்ற வயிறும் பெரிய பாயும் உடையவை. அவற்றை நடத்தச் சிறிய குழு போதும், காற்றே வேலையைச் செய்யும். ஆனால் எண்ணிக்கைதான் சிக்கல். தம் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாகவும், தாலமிகள் காலத்தில் இருபது கப்பல்கள்கூடத் துணிந்து செங்கடல் வாயிலைத் தாண்டியதில்லை என்றும் ஸ்ட்ராபோ எழுதுகிறார். தாராளமாகப் பதினைந்து கப்பல்கள் கிடைத்தன என்றும், கப்பலுக்கு 150 பேர் நெருக்கியடித்து ஏறினார்கள் என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 2,250 பேர். உங்கள் அரசின் தொடக்க மக்கள்தொகை இதற்கு மேல் போகாது. அதில் பெண்கள், குழந்தைகள், எழுத்தர்கள், தச்சர்கள் எல்லாரும் அடக்கம்.

இன்னொரு செய்தியும் உண்டு, இது உங்கள் கதைக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். கிளியோபாத்ரா, சீசருக்குப் பிறந்த தம் மகன் சீசரியோனைப் பெரும் செல்வத்தோடு எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அனுப்பினார் என்று அதே புளூட்டார்க் சொல்கிறார். அவனுக்கு அப்போது வயது பதினேழு. எகிப்தின் அரியணையை ஆக்டேவியன் தருவார் என்று ஆசை காட்டி அவனைத் திரும்பி வரச் செய்தவன் ரோடோன் என்னும் அவனுடைய ஆசிரியன். பல சீசர்கள் இருப்பது நல்லதன்று என்று தத்துவஞானி ஏரியஸ் ஆக்டேவியனுக்கு அறிவுரை சொன்னதும், சீசரியோன் கொல்லப்பட்டதும் எல்லாரும் அறிந்தவை. கப்பல் எரிந்த இடத்தை விட்டுவிட்டு இந்த இளைஞன் திரும்பிய இடத்தைப் பிடியுங்கள்.

கறிக்கொடி எழுதியது:

கப்பல் பற்றி நாவாய் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முசிறியைக் கைப்பற்றுவது என்ற வரியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வந்தவர்கள் வெல்வதற்கென்றே காத்துக் கிடந்த வெற்றுக் கரை போலச் சேரநாட்டை எண்ணுவது சரியன்று.

முதலில் நிலத்தைப் பாருங்கள். மிளகு விளைவது துறைமுகத்தில் அன்று, உள்நாட்டு மலைச்சரிவில். அதைப் பறிப்பவர்கள், சுமந்து இறக்குபவர்கள், ஆற்றில் தோணி வழியே கொண்டுவருபவர்கள் என்று ஒரு நீண்ட சங்கிலி சேர வேந்தனின் ஆட்சிப் பரப்பில் உள்ளது. பெருங்கப்பல்கள் கழிமுகத்துக்கு வெளியே நிற்க, சிறு கலங்களே சரக்கை உள்ளே கொண்டுசென்றன. 2,000 அந்நியர் துறைமுகத்தைப் பிடித்தால் அவர்கள் கையில் இருப்பது ஒரு மணல்திட்டும் சில பண்டகசாலைகளும் மட்டுமே. மிளகு அடுத்த வாரமே தொண்டிக்கோ, பாண்டியரின் நெல்கிந்தாவுக்கோ திரும்பிவிடும். மேற்குக் கரையில் துறைகளுக்குப் பஞ்சம் இல்லை.

இரண்டாவதாக, சேரர்கள் கடலில் வலுவற்றவர்கள் அல்லர். கடலகத்துத் தீவில் கடம்பு மரத்தைக் காவல்மரமாகக் கொண்டிருந்த பகைவரை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் அழித்ததைப் பதிற்றுப்பத்து திரும்பத் திரும்பப் பாடுகிறது. அதே அரசனைப் பற்றிய பதிகத்தில் வரும் அடிகள் இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகின்றன: ‘நயனில் வன்சொல் யவனர்ப் பிணித்து, நெய்தலைப் பெய்து, கைபிற் கொளீஇ.’ கடுஞ்சொல் பேசிய யவனரைக் கட்டி, தலையில் நெய்யூற்றி, கைகளைப் பின்னால் பிணித்து, விலையுயர்ந்த அணிகலனும் வயிரமும் தண்டமாகப் பெற்றான் என்று அது செல்கிறது. அந்த அரசனின் காலத்தை நீங்கள் எங்கே வைத்தாலும், எல்லை மீறிய யவனரை இந்தக் கரை எப்படி நடத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடங்கி நடந்தவர்களுக்கோ மதிப்பான இடம் இருந்தது. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திக் காவல் நின்ற யவனரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அரசனின் பாசறையில் காவலிருந்த யவனரை முல்லைப்பாட்டு வருணிக்கிறது. ஆண்டனியின் வீரர்கள் இங்கே வந்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகியிருப்பார்கள்: சம்பளம் பெறும் காவலர்கள், பொறி அமைப்பவர்கள், தச்சர்கள். அது வாழ்க்கைதான். ஆனால் நீங்கள் தேடும் அரசு அன்று.

பொருளாதாரத்தையும் மறக்காதீர்கள். ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறிக்கு வந்த கலங்களைப் பாடுகிறது. பொன்னோடு வருபவனுக்கே மிளகு. அகதிகள் கொண்டுவந்த தாலமிக் கருவூலம் எத்தனை ஆண்டுக்கு வரும்? அது தீர்ந்த பிறகு எகிப்திலிருந்து பொன் வர வேண்டும், எகிப்தோ ஆக்டேவியன் கையில். அவர்களுடைய வாழ்வு அவர்கள் தப்பியோடிய எதிரியின் சந்தையையே நம்பியிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் கதை நகராது.

பழங்காசு எழுதியது:

கறிக்கொடியின் கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன்.

ரோம அகதிகள் தாய்நாட்டுக்கு எதிராகக் கடல் அரசு நிறுவியது கற்பனை அன்று, அது ஆக்டியத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் நடந்தது. ரோமத் தளபதி பாம்பேயின் இளைய மகன் செக்ஸ்டஸ் பாம்பேயஸ் கி.மு. 42 முதல் 36 வரை சிசிலித் தீவைக் கையில் வைத்திருந்தார். மரண தண்டனைப் பட்டியலில் பெயர் ஏறிய செனட்டர்களும், தப்பியோடிய அடிமைகளும், கடற்கொள்ளையராக இருந்து தளபதிகளானவர்களும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ரோமுக்குச் செல்லும் தானியக் கப்பல்களை மறித்ததால் நகரமே பட்டினியில் கலவரம் செய்தது. ஆண்டனியும் ஆக்டேவியனும் இறங்கிவந்து அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கடைசியில் நௌலோக்கஸ் போரில் ஆக்டேவியனின் தளபதி அக்ரிப்பா அவரை முறியடித்தார். அவருக்கும் முன்னால் ஸ்பெயினில் ரோமத் தளபதி செர்ட்டோரியஸ், அகதிச் செனட்டர்களைக் கொண்டு தனிச் செனட்டே அமைத்திருந்தார்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். செக்ஸ்டஸுக்கு வலிமை வந்தது சிசிலியின் விளைச்சலால் மட்டும் அன்று, ரோமின் உணவு செல்லும் வழியில் அவர் நின்றதால். அகதிகளின் அரசு சரக்கு விளையும் இடத்தில் வேரூன்றுவது கடினம். அங்கே ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். சரக்கு கடந்து செல்லும் வழியில், யாரும் அவ்வளவாக ஆசைப்படாத ஓர் இடத்தில் அது வேரூன்றலாம்.

அப்படிப் பார்த்தால் எனக்கு இரண்டு இடங்கள் தோன்றுகின்றன. ஒன்று, பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு ‘தியோஸ்கோரிதா’ என்று சொல்லும் சொகோத்ரா தீவு. அரேபியரும் இந்தியரும் கிரேக்கரும் கலந்து வாழ்ந்த தீவு அது. அதன் ஹோக் குகையில் இந்திய மாலுமிகள் பிராமி எழுத்தில் பெயர் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டில்கூட அங்கே கிரேக்கம் பேசுவோர் இருந்தனர் என்றும், அவர்கள் தாலமிகள் அனுப்பிய குடியேறிகளின் வழித்தோன்றல்கள் என்றும் காஸ்மாஸ் என்னும் பயணி எழுதினார். மற்றொன்று, இன்றைய யேமனில் உள்ள ஏடன். இந்தியக் கப்பல்கள் எகிப்து வரை செல்லாமலும், எகிப்தியக் கப்பல்கள் இந்தியா வரை வராமலும் இருந்த காலத்தில் இருபக்கச் சரக்கும் கைமாறிய துறை அது.

கார்ஹே போரில் கி.மு. 53இல் பார்த்தியரிடம் சிறைப்பட்ட 10,000 ரோமரை யாராவது இந்தக் கதைக்குள் கொண்டுவர நினைத்தால், வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் நடு ஆசியாவின் மார்ஜியானாவில் குடியமர்த்தப்பட்டதாகப் பிளினி சொல்வதோடு உறுதியான செய்தி நின்றுவிடுகிறது. அவர்கள் சீனத்துக்குப் போனார்கள் என்பது கவர்ச்சியான ஊகம் மட்டுமே. கடலுக்கும் அவர்களுக்கும் தொடர்பும் இல்லை.

நாவாய் எழுதியது:

சொகோத்ராவில் திராட்சையோ தானியமோ விளைவதில்லை என்று பெரிப்ளூஸே சொல்லிவிடுகிறது. அரிசியும் கோதுமையும் வெளியிலிருந்து வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தீவை நெருங்கவும் முடியாது, விட்டு வெளியேறவும் முடியாது. 2,000 பேர் அங்கே முதல் ஆண்டிலேயே பட்டினி கிடப்பார்கள். ஆமை ஓடும், வேங்கை மரப்பிசின் போன்ற செந்நிறப் பிசினும் நல்ல வணிகப் பொருள்கள்தாம், ஆனால் அவற்றைச் சாப்பிட முடியாது. தலைநகர் ஏடன், காவல்நிலை சொகோத்ரா என்று வையுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஓர் ஐயம் எழுகிறது. வழியில் நின்று சுங்கம் வாங்குவது என்கிறீர்கள். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இதே கடலில் ‘கார்ட்டாஸ்’ என்னும் அனுமதிச்சீட்டை எல்லாக் கப்பல்கள்மீதும் திணித்தார்கள். அதற்கு அவர்களிடம் கப்பலில் ஏற்றிய பீரங்கி இருந்தது. தொலைவிலிருந்தே ஒரு மரக்கலத்தை மூழ்கடிக்க முடிந்தவனுக்குத்தான் விரிகடலில் சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் வரும். ரோமரிடம் இருந்தவை அம்புப் பொறிகளும் கல்லெறி பொறிகளும் மட்டுமே. பீரங்கி இருந்தும் போர்ச்சுகீசியரால் ஏடனைப் பிடிக்க முடியவில்லை. 1513இல் அல்புகெர்க்கே முயன்று தோற்றார். பீரங்கி இல்லாத 2,000 பேர் எதைக் கொண்டு ஒரு கடலை ஆள்வார்கள்? அதை அரசு என்பதா, கொள்ளைக்கூட்டம் என்பதா?

நாவாய் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. கடலை ஆள முடியாது என்பதே என் விடையும். ஆனால் ஆள வேண்டியதும் இல்லை.

பாப் எல் மண்டெப் நீரிணையின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்தியாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் அதைக் கடந்தாக வேண்டும். அதுவும் ஆண்டு முழுவதும் சிதறலாக அன்று, காற்றின் கட்டளைப்படி ஒரே சில வாரங்களில். எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்பினால் செப்டம்பரில் இந்தியக் கரை. திரும்பும் கப்பல்கள் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு வரும். நீரிணையைக் கடந்ததும் நாற்பது நாள் கடல் காத்திருப்பதால், அங்கே எல்லாரும் நீர் நிரப்பியே ஆக வேண்டும். போர்ச்சுகீசியர் விரிகடலில் தேடித் திரிந்து பிடித்த கப்பல்கள், இங்கே தாமாகவே கிணற்றடிக்கு வந்து நிற்கும். முதல் இடுகையில் நான் தள்ளிவைத்த துடுப்புக் கப்பல்களுக்கும் இங்கே வேலை உண்டு. கரையோரம், குறுகிய நீர்ப்பரப்பு, காற்றில்லாத வேளை என்று எல்லாமே அவற்றுக்கு ஏற்றவை. பெரியவை வேண்டாம், ஐம்பது துடுப்புள்ள சிறியவை போதும்.

வாங்குவது மட்டுமே செய்தால் அது கொள்ளைதான், ஒப்புக்கொள்கிறேன். முசிறிக்கு அருகில் கடற்கொள்ளையர் தொல்லை இருந்ததென்றும், வணிகக் கப்பல்களில் வில்லாளர் கூட்டத்தை ஏற்றிச் சென்றார்களென்றும் பிளினி எழுதுகிறார். அந்தச் செலவையும் அச்சத்தையும் ஒருவன் குறைத்துக் கொடுத்தால், கிணறும் பண்டகசாலையும் கப்பல் பழுதுபார்க்கும் துறையும் நம்பகமான எடையும் கொடுத்தால், வணிகன் மனமுவந்தே சுங்கம் செலுத்துவான். அரசு அங்கேதான் தொடங்குகிறது.

கறிக்கொடி எழுதியது:

இப்போது கதை என் மனத்துக்கும் நெருங்கி வருகிறது. அப்படியானால் சேரநாட்டில் அவர்களுக்கு வேண்டியது கோட்டை அன்று, ஒரு தெரு. முசிறியில் தங்கியிருந்த மேலைநாட்டு மாலுமிகளுக்கென்றே கோதுமை இறக்குமதி செய்யப்பட்டது, உள்ளூர் வணிகர் அதை உண்பதில்லை என்று பெரிப்ளூஸ் சொல்கிறது. அந்தக் கோதுமை மூட்டை எனக்கு எப்போதும் ஒரு குடியிருப்பையே கண்முன் நிறுத்துகிறது. அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், அவர்களுக்குச் சமைத்தவர்கள், அவர்களோடு பேச மொழி கற்ற நம்மவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த மூட்டையைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். நம்மவர் அங்கே சென்று தங்கியதற்கும் சான்று உண்டு. செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் ‘பானை ஒறி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த பானைத்துண்டு கிடைத்திருக்கிறது. உங்கள் ஏடன் அரசில் தமிழ் வணிகர் தெரு ஒன்று இல்லாவிட்டால் அது நிறைவுறாது.

அடுத்து, யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். கப்பலில் வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்? மிகச் சிலரே. அப்படியானால் இரண்டாம் தலைமுறையின் தாய்மார்கள் தென்அரேபியாவின் ஹிம்யரைட் பெண்கள், ஹத்ரமௌத் பெண்கள், சோமாலியக் கரைப் பெண்கள், மேற்கிந்தியப் பெண்கள். வீட்டுமொழி எதுவாக இருக்கும்? படைமொழியாகிய இலத்தீன் முதல் தலைமுறையோடு போய்விடும் என்று நினைக்கிறேன். கடைத்தெருவில் கிரேக்கம் நிற்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே அந்தக் கடலின் வணிகமொழி. மகாராட்டிரத்தின் கார்லே பௌத்தக் குகையில் நன்கொடை கொடுத்துத் தம்மை யவனர் என்று பொறித்துக்கொண்டவர்கள், பெயரளவில் முழுக்க இந்தியர்களாகவே இருக்கிறார்கள். பிராகிருதத்தில் எழுதி, பௌத்தச் சங்கத்துக்குத் தூண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அகதிகளின் பேரர்களும் இப்படி ஏதோ ஒரு கோயிலுக்குத் தூண் கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கிளியோபாத்ராவின் நினைவு வருகிறது. எத்தியோப்பியர், செங்கடற்கரையின் குகைவாழ் மக்கள், எபிரேயர், அரேபியர், சிரியர், மேதியர், பார்த்தியர் ஆகியோரிடம் மொழிபெயர்ப்பாளர் இன்றியே அவர் பேசினார் என்று புளூட்டார்க் வியக்கிறார். அந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ பாதி செங்கடலைச் சுற்றியே இருக்கிறது. ஆண்டனியைவிட இந்த அரசுக்கு அவரே பொருத்தமானவர். அவர் வர முடியாவிட்டால் அவருடைய மகள் செலீனாவை அனுப்புங்கள். உண்மை வரலாற்றில் அவர் ரோமுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் இரண்டாம் யூபாவை மணந்து, மௌரித்தானியாவில் அரசியாக வாழ்ந்தார். பத்து வயதில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண், அயல்நாட்டில் அரசியாக நிலைத்தது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

பழங்காசு எழுதியது:

எஞ்சியிருப்பவர் ஆக்டேவியன். சீசரின் உடற்பிறப்பான மகன் ஏடனில் உயிரோடு இருக்கிறான் என்பதை அவர் ஒருநாளும் பொறுக்கமாட்டார். காலஸின் படையெடுப்பு கி.மு. 26இல் நடந்தது நினைவிருக்கட்டும். இந்தக் கதையில் அதன் இலக்கு தேன் சொரியும் தென்அரேபியா அன்று, சீசரியோன். படை பாலைவனத்தில் நோயாலும் தாகத்தாலும் அழியும். அது உண்மையிலேயே அப்படித்தான் அழிந்தது, நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அதன் பிறகு என்ன? எகிப்தின் எல்லையில் கீழைநாட்டுச் சரக்குக்கு ரோம அரசு வாங்கிய சுங்கம் நூற்றுக்கு இருபத்தைந்து. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் முசிறிக் கடனும், ‘ஹெர்மபோலன்’ என்ற கப்பலின் சரக்கும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) பெறும். இப்படி வரும் வருவாயை நீரிணையில் நிற்கும் ஒருவன் பாதியாகக் குறைக்க முடியும் என்றால், ஆக்டேவியன் கணக்குப் பார்ப்பார். பார்த்தியரோடு அவர் போரிடவில்லை. பேசித்தான் கி.மு. 20இல், கார்ஹேயில் ரோமத் தளபதி கிராசஸ் இழந்த படைக்கொடிகளை மீட்டார், அதைப் பெரும் வெற்றியாக நாணயத்தில் பொறித்தும் கொண்டார். ஏடனோடும் அதையே செய்வார் என்பது என் முடிவு. சீசரியோன் ‘சீசர்’ என்ற பெயரைக் கைவிட வேண்டும். அதற்கு ஈடாகச் சுங்கத்தில் ஒரு பங்கு. கறிக்கொடி கேட்ட பொன் எங்கிருந்து வரும் என்ற முடிச்சும் இங்கே அவிழ்கிறது.

அந்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏடனில் அடிக்கப்படும் வெள்ளிக்காசில் யார் முகம், எந்த எழுத்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கிரேக்கப் பழங்காசுகளாகிய அப்போலோடோட்டஸ், மெனாண்டர் காசுகள் பாருகச்சத்தில் (குஜராத்தின் பரூச்) நெடுங்காலத்துக்குப் பிறகும் புழங்கின. அங்குள்ள வணிகர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, வெள்ளியின் தரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வாடைக்காற்று எழுதியது:

பெயரைக் கைவிடச் சம்மதிப்பானா?

கறிக்கொடி எழுதியது:

பதினேழு வயதில் சம்மதிக்கமாட்டான். இருபத்தேழில், ஏடனில் பிறந்த குழந்தைகள் இருக்கும்போது, சம்மதிப்பான்.

திரைகடல் எழுதியது:

நண்பர்களே, முதல் இடுகையில் நான் வைத்த கதையில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை, அதற்காக உங்களுக்கு மனமார்ந்த நன்றி. முசிறியைப் பிடிக்கும் காட்சியை நீக்கிவிட்டேன். அறுபது போர்க்கப்பல்களும் போயின. பெத்ரா அரேபியர் மூட்டிய தீ கதையில் இருக்கும், உண்மையில் நடந்தபடியே கப்பல்கள் எரியும். அந்தத் தீயைக் கண்ட பிறகுதான் கிளியோபாத்ராவின் அமைச்சர்கள் கப்பலை இழுப்பதைக் கைவிட்டு, பெரெனிக்கேயில் காற்றுக்காக நிற்கும் வணிகக் கப்பல்களை நினைக்கத் தொடங்குகிறார்கள்.

ஆண்டுவாரியாக இப்போது இப்படி நிற்கிறது. கி.மு. 30 ஜூலையில் பதினான்கு கப்பல்கள் பெரெனிக்கேயிலிருந்து கிளம்புகின்றன. இரண்டு பவளப்பாறையில் உடைகின்றன. மூன்று, கப்பல் தலைவர்களின் பிடிவாதத்தால், ஏடனில் நிற்காமல் நேரே முசிறிக்குச் சென்றுவிடுகின்றன. அவற்றில் வந்தவர்கள் சேர வேந்தனின் காவலர்களாகவும் தச்சர்களாகவும் ஆகிறார்கள், அவர்களே பின்னாளில் இரண்டு துறைகளுக்கும் இடையே உறவுப் பாலம். ஏடனில் இறங்கியவர்கள் முதல் நான்கு ஆண்டுகள் ஒரு ஹிம்யரைட் தலைவனின் கீழ் வாடகைப் படையாக வாழ்கிறார்கள். கி.மு. 26இல் காலஸின் படை வரும்போதுதான் அந்தத் தலைவனுக்கு அவர்களுடைய மதிப்பு புரிகிறது. கிணறுகளின் உரிமை அப்போது அவர்கள் கைக்கு வருகிறது. கி.மு. 20இல் உடன்படிக்கை. செலீனா வருவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை, பத்து வயதுக் குழந்தையை அந்தக் கடலில் ஏற்ற மனம் வரவில்லை.

முதல் அத்தியாயத்தை மட்டும் நேற்றிரவு மீண்டும் எழுதினேன். நைல் கரையிலுள்ள கோப்தோஸிலிருந்து பெரெனிக்கேவுக்குப் பாலைவழியில் பன்னிரண்டு நாள். வெயிலுக்கு அஞ்சி ஒட்டகங்கள் இரவில்தான் நடக்கும், பகலில் கிணற்றடிகளில் தங்கும். எட்டாவது நாள் பகல், ஒரு கிணற்றடியில் ரோடோன் தன் மாணவனிடம் அலெக்சாந்திரியாவுக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். உண்மை வரலாற்றில் அந்தப் பேச்சு பலித்தது. என் கதையில் அந்தப் பேச்சு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஒட்டகக்காரர்கள் தோற்பைகளில் நீர் நிரப்பி முடித்துவிட்டார்கள், காற்றுத் தவறிவிடும் என்று அவசரப்படுத்துகிறார்கள். சீசரியோன், மீதியை நாளைக்குச் சொல்லுங்கள் என்று எழுந்து நடக்கிறான்.

இதை வாசித்துவிட்டு, கோப்தோஸ் வழியின் கிணற்றடிகளைப் பற்றி நாவாய் திருத்தம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தை அடுத்த வாரம் இங்கேயே இடுகிறேன்.